வாடகை வீட்டுக்கு ஜாமீன்: எடோ முதல் டோக்கியோ வரை

ஜப்பானில் வீடு வாடகைக்கு எடுப்பவர் தமக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவரைக் கூட்டி வரும் வழக்கம் எடோ காலத்திலேயே வேரூன்றியது. 18ஆம் நூற்றாண்டில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் பாதிப்பேர் கைவினைஞர், வணிகர், கூலியாட்கள். இவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த மனை கிடையாது. சந்துக்குள் வரிசையாகக் கட்டிய ‘நாகாயா’ என்னும் நீண்ட மரக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் சுமார் 10 சதுர மீட்டர். கிணறும் கழிப்பறையும் பொது.

மனைக்குச் சொந்தக்காரர் இந்தக் குடியிருப்புகளை நேரில் கவனிப்பதில்லை. அவர் அமர்த்திய ‘ஓயா’தான் வாடகை வசூலிப்பார், சண்டை தீர்ப்பார், வந்தவர் போனவர் கணக்கு வைத்திருப்பார். குடியிருப்பவர் குற்றம் செய்தால் நகர நிர்வாகம் ஓயாவையும் பிடித்துக் கேட்கும். அதனால் புதிதாக வருபவரிடம் அவர் கேட்டது ‘தனாஉகெஜோ’ என்ற ஜாமீன் பத்திரம். வருபவர் எந்த ஊர், எந்தப் புத்தக் கோயிலைச் சேர்ந்தவர், அரசின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தானா என்பதையெல்லாம் அதில் எழுதி, ‘தனாஉகெனின்’ எனப்பட்ட ஜாமீன்தாரர் முத்திரை வைப்பார். கோயில் விவரம் கேட்டதற்குக் காரணம் உண்டு: கிறித்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. குடியிருப்பவரால் தொல்லை வந்தால் ஜாமீன்தாரர் பொறுப்பேற்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் ஆளை அழைத்துப்போக வேண்டும். வாடகைப் பாக்கியைவிட ஆளின் நடத்தைக்கே அன்று ஜாமீன் நின்றார்கள். அதே எடோவில் வேலையாட்களைச் சாமுராய் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சேர்த்துவிட்டு, தரகு வாங்கிக்கொண்டு அவர்களுக்காக ஜாமீன் நின்ற ‘ஹிதோயாதோ’ என்ற தொழிலும் நடந்தது. காசுக்கு ஜாமீன் நிற்பது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி ஆட்சி ஐரோப்பியச் சட்டங்களைப் பார்த்துத் தன் உரிமையியல் சட்டத்தை இயற்றியது. 1898இல் அது நடைமுறைக்கு வந்தது. சாதாரண ஜாமீன்தாரருக்கு அதில் இரண்டு பாதுகாப்புகள் இருந்தன. முதலில் கடன்பட்டவரிடமே கேளுங்கள் என்று சொல்லலாம். அவருடைய சொத்தை முதலில் பிடியுங்கள் என்றும் சொல்லலாம். ஆனால் ‘ரென்தாய் ஹோஷோனின்’ எனப்படும் கூட்டுப் பொறுப்பு ஜாமீன்தாரருக்கு இந்த இரண்டும் கிடையாது. வாடகை நின்ற மறுநாளே வீட்டுக்காரர் நேராக அவர் கதவைத் தட்டலாம். வீட்டு ஒப்பந்தங்களில் நிலைத்தது இந்த இரண்டாம் வகைதான். காலப்போக்கில் ஜாமீனின் பொருளும் ஆளிடமிருந்து பணத்துக்கு நகர்ந்தது.

வேலைக்குச் சேருபவருக்காக ஜாமீன் நின்றவர்களின் சுமையை 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறைத்து, ஐந்தாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பு செல்லாது என்றது. வீட்டு ஜாமீனுக்கு அப்படி வரம்பு வரவில்லை. இன்னொரு பக்கம், தக்க காரணம் இல்லாமல் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது என்று 1941இல் விதி வந்தது. போர்க்காலத்தில் குடியிருப்போரைக் காத்த இந்த விதி, அவர்களை எளிதில் வெளியேற்ற முடியாத வீட்டுக்காரர்களை ஜாமீன்தாரர் மேல் கூடுதலாகச் சாய வைத்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது ஜாமீனும் தானாகவே தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அண்ணன் மகனுக்காக ஒருமுறை கையெழுத்திட்ட சித்தப்பா, பத்தாண்டு கழித்து வரும் பாக்கிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ‘ஷிக்கிகின்’ என்ற முன்பணமும், திரும்பி வராத ‘ரெய்கின்’ என்ற அன்பளிப்புப் பணமும் இதற்கு மேல் தனி.

ஜாமீன்தாரர் பதிவு செய்த முத்திரையை வைத்து, அதற்கான நகராட்சிச் சான்றையும் வருமானச் சான்றையும் இணைக்க வேண்டும். இவ்வளவும் செய்ய நெருங்கிய உறவினர் வேண்டுமே! குடும்பங்கள் சிறுத்து, தனியாக வாழும் முதியோர் பெருகியபோது அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அரிதாயிற்று. வெளிநாட்டவர் நிலை இன்னும் மோசம். வீடு தேடிய வெளிநாட்டவரில் நூற்றுக்கு 41 பேர், ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லாததால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள் என்று நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. மாணவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள், காப்பீட்டின் துணையோடு, தாமே ஜாமீன் நிற்கத் தொடங்கின.

இந்த இடைவெளியில் வளர்ந்தவை வாடகை உத்தரவாத நிறுவனங்கள். ஒரு மாத வாடகையில் பாதியோ முழுவதுமோ தொடக்கக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, பாக்கி வந்தால் வீட்டுக்காரருக்குச் செலுத்திவிட்டுக் குடியிருப்பவரிடம் வசூலிக்கும். கட்டணம் கட்டுவது குடியிருப்பவர், காப்பு கிடைப்பது வீட்டுக்காரருக்கு. இது நியாயமான பங்கீடு என்று சொல்வது கடினம். பூட்டை மாற்றுவது, சாமான்களை அப்புறப்படுத்துவது போன்ற அடாவடிகள் 2000களின் இறுதியில் பெரும் புகாராயின. 2017 அக்டோபரில் அரசு ஒரு பதிவு முறையைக் கொண்டுவந்தது, பதிவு கட்டாயமில்லை. பாக்கி வைத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டதாக நிறுவனமே கருதிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

தனிமனித ஜாமீனுக்கும் கடைசியில் வரம்பு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல், ஜாமீன்தாரர் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்ற தொகையை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஜாமீனே செல்லாது. தொகையை எண்ணால் பார்த்ததும் தயங்கிய உறவினர்கள் உண்டு; வீட்டுக்காரர்களும் நிறுவனங்கள் பக்கம் மேலும் சாய்ந்தார்கள். அரசு வீடுகளுக்கான மாதிரி விதியிலிருந்து ஜாமீன்தாரர் நிபந்தனை 2018இலேயே நீக்கப்பட்டிருந்தது.

பணத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்ற பிறகும், ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் பெயர்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மிஞ்சியது. எடோவின் ஓயா கேட்ட கேள்வியின் மிச்சம் அது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஆளில்லாத முதியோர் அங்கேயும் தடுக்கப்பட்டார்கள். 2024இல் திருத்தப்பட்டு, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வீட்டுவசதிச் சட்டத்தின்படி, அரசு அங்கீகாரம் பெறும் உத்தரவாத நிறுவனங்கள் அவசரத் தொடர்புக்குத் தனிமனிதரின் பெயரைத்தான் தர வேண்டும் என்று கேட்க முடியாது. ஓர் அமைப்பின் பெயரையும் ஏற்க வேண்டும்.