விலங்குகள் ஈந்த ஒளி

நாடோடி அராபியரிடம் அயர்லாந்து மருத்துவர் ஒருவர் சிறைப்பட்டிருந்தார். சாமுவேல் பிகர் என்பது அவர் பெயர். அங்கே கசெல் என்னும் சிறுமான் ஒன்று செல்லமாக வளர்ந்து வந்தது. அதன் ஒரு கண் அழற்சியால் முன்னரே கெட்டுவிட்டது. மற்றொரு கண்ணும் கீறல் பட்டு மங்கி, ஏறத்தாழக் குருடாயிற்று. அந்நிலையில் அதே இனத்து மான் ஒன்று காயம்பட்டு, உயிர் போகும் தறுவாயில் கொண்டுவரப்பட்டது. பிகர், சாகவிருந்த மானின் கண்ணிலிருந்து முன்புறத் தெளிபடலத்தை அறுத்தெடுத்துச் செல்லமானின் கண்ணில் பொருத்தினார். பொருத்திய படலம் ஒட்டிக்கொண்டது. பத்து நாளில் அம்மானுக்குப் பார்வை மீண்டதன் அடையாளங்கள் புலப்பட்டன. இச்செய்தியை அவர் 1837-ஆம் ஆண்டு டப்ளின் நகரத்து மருத்துவ இதழில் வெளியிட்டார்.

கண்மாற்று மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தவறாது குறிப்பிடுவர். மனிதனுக்குப் பின்னாளில் கிடைத்த பெரும்பேற்றுக்கு இது முன்னோடி என்பர். ஆனால், அதில் அடங்கிய மற்றோர் உண்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று நலம் பெற்றது மனிதன் அன்று. கண்ணில் புண்பட்ட ஒரு வளர்ப்பு விலங்கு. அதன்பின் இக்கலை மனிதனை நோக்கிச் சென்றது. அதன் முழுப்பயன் மீண்டும் விலங்கிடம் வந்துசேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நெடும்பயணத்தின் வரலாறு அறியத்தக்கது.

படலமும் புண்ணும்

கண்ணின் முன்னே, கடிகாரத்தின் மேற்கண்ணாடிபோல் அமைந்திருக்கும் தெளிந்த படலத்தைப் பாடநூல்கள் விழிவெண்படலம் என்று கூறும். மருத்துவர் வழங்கும் கார்னியா என்னும் சொல், கொம்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. கொம்பைச் சீவினால் கிடைக்கும் மெல்லிய ஏட்டுக்கு இதனை ஒப்பிட்டனர் போலும்.

நாயின் கண்ணில் இப்படலத்தின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சிறிது மிகுதி, அவ்வளவே. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். ஆதலின் இது கண்ணீரிலிருந்தும், காற்றிலிருந்தும், உட்புறத்து விழிநீரிலிருந்தும் தனக்கு வேண்டியவற்றைப் பெற்றுக்கொள்கிறது. தெளிவுக்கு உதவும் இந்த அமைப்பே புண்பட்ட காலத்தில் குறையாகவும் ஆகிறது. மற்ற உறுப்புகளில் காயம்பட்டால் குருதி ஓடிவந்து ஆற்றும். இங்கே ஓடிவரக் குருதி இல்லை.

பூனையின் நகம், புல்லின் நுனி, உள்மடிந்த இமை மயிர், வறண்ட கண் ஆகிய ஏதேனும் ஒன்றால் மேற்றோல் கிழிந்தால் புண் உண்டாகும். மேலோட்டமான புண் சில நாளில் தானே ஆறிவிடும். கிருமி புகுந்தால் நிலைமை வேறு. கிருமியும், அதனை எதிர்த்து வரும் வெள்ளணுக்களும் சுரக்கும் நொதிகள், படலத்தின் நார்ப்பொருளாகிய கொல்லாஜனைக் கரைக்கின்றன. படலம் வெயிலிற்பட்ட வெண்ணெய்போல் இளகுகிறது. ஓரிரு நாளில் கண் துளைபட்டுப் போகவும் கூடும். பக், சீட்சு, பீக்கினீசு போன்ற தட்டைமுக நாய்களுக்குக் கண்கள் வெளியே பிதுங்கியிருப்பதால் இத்துன்பம் மிகுதி.

ஒட்டும் முயற்சி

கெட்ட படலத்தை நீக்கி நல்ல படலத்தை வைக்கலாம் என்னும் எண்ணம் பிகருக்கு முன்பே தோன்றியதுண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ரைசிங்கர் முயல்களின் கண்களில் ஆராய்ந்து, 1824-இல் அதுபற்றி எழுதினார். 1838-இல் நியூயார்க்கு நகரில் கிசம் என்னும் மருத்துவர் துணிந்து, பன்றியின் படலத்தை ஒரு மனிதனின் கண்ணில் பொருத்தினார். தொடக்கத்தில் பார்வை சிறிது தெளிந்தது. விரைவில் படலம் மங்கி அழிந்தது. ஓர் இனத்தின் உயிருள்ள திசுவை மற்றோர் இனத்தின் உடல் ஏற்காது என்னும் உண்மை அக்காலத்தில் விளங்கவில்லை.

மனிதனின் படலம் மனிதனுக்குப் பொருந்திய முதல் வெற்றி 1905 திசம்பர் 7-ஆம் நாள் வாய்த்தது. இன்று செக் நாட்டில் உள்ள ஒலோமோட்சு நகரில் எடுவர்டு சிர்ம் என்பவர், சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளிக்கு இவ்வறுவையைச் செய்தார். 1930-களில் ஒடெசா நகரத்து ஃபிலாட்டோவ், இறந்தோரின் கண்களையே இதற்குப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். கண்தானம் என்னும் அறம் அதன் பயனாக உலகெங்கும் பரவிற்று.

இத்தனைக்கும் அடிப்படையாக நின்றவை முயல்களின் கண்கள். அவற்றுக்கு இம்மருத்துவம் ஏதும் திருப்பித் தரவில்லை.

ஒட்டுவதிலிருந்து வளர்ப்பதற்கு

அடுத்த மாற்றம் எண்ணத்திலேயே நிகழ்ந்தது. பிறர் படலத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதைவிட, கண் தன் படலத்தைத் தானே வளர்த்துக்கொள்ளத் துணைசெய்தல் ஆகாதா? புதுப்பிக்கும் மருத்துவம் என்று இன்று பேசப்படுவதன் கரு இந்த வினாவே.

தாயின் கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குடச் சவ்வு இதற்கு முதலில் உதவிற்று. 1940-இல் டி ராட் என்பவர் இதனைக் கண் அறுவையில் கையாண்டார். 1946-இல் சார்ஸ்பி, சைமன்சு ஆகிய இருவர், காரம்பட்டு வெந்த கண்களுக்கு இதனை இட்டனர். பின்னர் இம்முறை மறக்கப்பட்டுக் கிடந்தது. 1995-இல் கிம், செங் ஆகியோர் முயல்களின் கண்களில் இதனை மீண்டும் ஆராய்ந்து உயிர்ப்பித்தனர். இச்சவ்வு புதிய அணுக்கள் படர்வதற்குத் தளமாகிறது, அழற்சியைத் தணிக்கிறது, கொல்லாஜனைக் கரைக்கும் நொதிகளையும் அடக்குகிறது.

புதிய அணுக்கள் எங்கிருந்து வருகின்றன? இவ்வினாவுக்கு விடை தந்தவையும் விலங்குகளே. 1971-இல் டவாங்கர், ஈவன்சன் என்னும் இருவர் கினிப்பன்றிகளின் கண்களை ஆராய்ந்தனர். படலமும் வெள்விழியும் கூடும் விளிம்பிலிருந்து நிறமேறிய அணுக்கள் நடுப்பகுதியை நோக்கி நகர்வதைக் கண்டு, விளிம்பே அவற்றின் பிறப்பிடம் என்றனர். முயலிலும் எலியிலும் 1980-களில் நடந்த ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் அவ்விளிம்பில் உறைகின்றன. 1989-இல் கென்யன், செங் ஆகியோர் நல்ல கண்ணின் விளிம்புத் திசுவைக் கெட்ட கண்ணுக்கு மாற்றினர். 1997-இல் இத்தாலிய அறிவியலார் பெல்லக்ரீனி குழுவினர், ஏறக்குறைய 1 சதுர மில்லிமீட்டர் திசுவிலிருந்து முழுப் படலத்தையும் மூடும் தோலை வளர்த்துக் காட்டினர். அம்முறையில் ஆக்கிய மருந்தை 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டது.

கடன் திரும்பிய வரலாறு

விலங்கு மருத்துவர் இவற்றைப் பார்த்துக்கொண்டு வாளா இருந்தனர் அல்லர். கண்ணின் வெண்தோல் மடிப்பை இழுத்துப் புண்ணின்மேல் தைப்பது அவர்தம் பழைய முறை. தோலோடு இரத்தக் குழாய்களும் வருவதால் புண் ஆறும். ஆனால், ஆறிய இடம் வெள்ளைத் தழும்பாகி ஒளியை மறைக்கும். கண் பிழைக்கும், காட்சி குறையும். 1973-இல் பார்ஷல் என்பவர், அதே கண்ணின் நல்ல படலத்தையே சறுக்கி நகர்த்திப் புண்ணை மூடும் முறையை விளக்கினார். தெளிவைக் காக்க முயன்ற பெரும் அடி இது.

1998-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் நாயின் கண்ணில் வேற்றினப் பனிக்குடச் சவ்வைப் பரிசோதனையாகப் பொருத்தி அதன் பயனைக் கண்டனர். 2005-இல் கண்புண் பட்ட குதிரைகளுக்குக் குதிரையின் பனிக்குடச் சவ்வையே இட்டு ஆற்றிய செய்தி வெளியாயிற்று. இடையில், 1999-இல் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்க்கும், 2001-இல் சில பூனைகளுக்கும், பன்றியின் சிறுகுடல் உட்சவ்வைத் தைத்துக் கண்ணைக் காத்தனர்.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். 1838-இல் பன்றியின் படலம் மனிதன் கண்ணில் நில்லாது அழிந்தது. 1999-இல் பன்றியின் குடற்சவ்வு நாயின் கண்ணில் பயன் தந்தது. காரணம் யாது? பின்னதில் பன்றியின் உயிரணுக்களைக் களைந்து, நார்ச்சட்டத்தை மட்டுமே வைத்தனர். அது பந்தலாக நின்றது. கொடியாகப் படர்ந்தவை நாயின் சொந்த அணுக்கள். ஒட்டுவதற்கும் வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இவற்றைவிட எளியது சீரம் என்னும் குருதித்தெளிநீர். விலங்கின் இரத்தத்தைச் சிறிது எடுத்து உறையவிட்டு, மேலே தெளியும் நீரைச் சொட்டு மருந்தாக இடுகின்றனர். அதில் வளர்ச்சி ஊக்கிகளும், படலத்தை இளக்கும் நொதிகளை அடக்கும் பொருள்களும் உள்ளன. வெளியிலிருந்து குருதி ஓடிவரமுடியாத இடத்துக்குக் குருதியின் நன்மையை மனிதன் கையால் கொண்டுசேர்ப்பது இது. தூய்மையாக எடுத்துக் குளிரில் வைக்காவிடின் இதுவே கிருமிக்கு உணவாகிவிடும்.

இன்றைய நிலை

கொழுப்புத் திசுவிலிருந்து எடுக்கும் குருத்தணுக்களை நாய்களின் கண்ணோய்க்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் 2010-களில் வெளிவந்தன. அவை இன்னும் அன்றாட மருத்துவமாகவில்லை. பெரும்பாலான நாய்களின் கண்புண்ணில் விளிம்புக் குருத்தணுக்கள் கெடாமலே இருக்கின்றன. கிருமியை ஒழித்து, நொதியை அடக்கி, பந்தல் அமைத்துத் தந்தால் அவையே தொழிலைச் செய்கின்றன.

எந்தச் சவ்வும் காலம் கடந்தபின் பயன்படாது. வலியை வாயால் சொல்லத் தெரியாத உயிர், கண்ணைச் சுருக்குவதாலும், நீர் வடிப்பதாலும், முன்காலால் முகத்தைத் தேய்ப்பதாலும் அதனைச் சொல்கிறது. அன்றே மருத்துவரிடம் சேர்ப்பின், 1871-இல் வேதியியலார் பேயர் ஆக்கிய ஃபுளோரசீன் சாயத்தில் ஒரு துளியிட்டுப் புண் எங்குளது, எவ்வளவு பரந்தது எனப் பச்சை ஒளியில் அவர் கண்டுவிடுவார். வீட்டில் மிஞ்சிய மனிதர் கண்மருந்தை இடுவது தீது. ஸ்டீராய்டு கலந்த மருந்து, ஆறும் புண்ணை ஆறவிடாது தடுத்துப் படலம் இளகவும் வழிசெய்யும்.

சாகவிருந்த ஒரு மான் மற்றொரு மானுக்கு ஒளி தந்தது. முயலும் கினிப்பன்றியும் எலியும் தம் கண்களைத் தந்து மனிதனுக்கு ஒளி தந்தன. அவை விரும்பித் தந்தவை அல்ல, கேளாமல் எடுக்கப்பட்டவை. ஆதலின் வாசலில் கிடக்கும் நாயின் கண்ணில் ஒரு புகை படர்ந்ததைக் கண்டு, அதனை மருத்துவரிடம் தூக்கிச் செல்பவன் செய்வது தருமம் மட்டும் அன்று. பழைய கடனில் ஒரு சிறுபகுதியைத் தீர்ப்பதும் ஆகும்.