போகனாக் மாளிகை

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வால் பிரதேசத்தில், அடர்ந்த சோலைகளின் நடுவே நிற்கும் போகனாக் மாளிகையின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அதன் வேர்களுள் ஒன்று நமது சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையில் ஊன்றியிருப்பதைக் கண்டு வியப்பர். 1698 முதல் 1709 வரை அக்கோட்டையின் கவர்னராயிருந்த தாமஸ் பிட், கோல்கொண்டா ராஜ்யத்துச் சுரங்கத்தில் கிடைத்த மகத்தான வைரமொன்றை ஒரு வர்த்தகரிடம் வாங்கி, 1717-இல் பிரான்சு தேசத்தின் ராஜப்பிரதிநிதியான ஆர்லியன்ஸ் கோமகனுக்குப் பெருந்தொகைக்கு விற்று, அவ்வாண்டிலேயே, துவந்த யுத்தத்தில் மாண்ட மோகன் பிரபுவின் விதவையிடமிருந்து இந்த எஸ்டேட்டை விலைக்குப் பெற்றார். வைரத்திற்குப் பிட்டின் பெயரும் வழங்கலாயிற்று. பூமியைக் குடைந்து அதை வெளிக்கொணர்ந்த ஏழைத் தொழிலாளியை நினைப்பாரில்லை என்பது நெஞ்சை வருத்துகிறது.

பிட்டின் பேரரும் கொள்ளுப்பேரரும் பிரதம மந்திரிகளாயினர். மாளிகையோ மூத்த கிளையினரிடம் இருந்து, அவ்வம்சத்துக் கேமல்போர்டு பிரபு 1804-இல் தாமும் துவந்த யுத்தத்தில் மடியவே, சகோதரி ஆனுக்கும், அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டத்தை 1807-இல் நிறைவேற்றிய பிரதமரான அவள் கணவர் கிரென்வில் பிரபுவுக்கும் உரியதாயிற்று. சந்ததியின்றி ஆன் 1864-இல் மறைந்ததும், மாளிகை கணவர் வழி உறவினரான ஃபார்ட்டெஸ்க்யூ குடும்பத்தைச் சேர்ந்தது.