வேட்டைத் துப்பாக்கிக் குழலும் சோதனை முத்திரையும்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதினோர் அவை எவ்வளவு தொலைவு சுட்டன, எத்துணைப் பேரை வீழ்த்தின என்பனவற்றையே பெரிதும் ஆராய்ந்தனர். கருவியைப் பிடித்திருந்தவன் கைக்கு நேர்ந்த இடரின் வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்விடரைத் தடுத்தற்கு இங்கிலாந்தில் எழுந்த சோதனைமுறையை ஈண்டு நோக்குவாம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியினின்றும் நம்மிடம் வந்தது. குழல் நம் சொல். இவ்வாராய்ச்சிக்கு உரியது குழலே.

வேட்டைத் துப்பாக்கியின் குழல் நெடுகிலும் ஒரே தடிப்புடையதன்று. மருந்து பற்றி எரியும் அடிப்பகுதியில் அழுத்தம் மிகுதியாதலின் ஆண்டுச் சுவர் தடித்திருக்கும். இரவை முன்னோக்கிச் செல்லச் செல்ல ஆவி விரிந்து அழுத்தம் தணியும், சுவரும் மெலியும். இவ்வாறு மெலிவித்தல் சிக்கனத்தால் அன்று. நாள் முழுதும் தோளில் சுமப்பவனுக்குப் பளு குறைதல் வேண்டும். ஆகவே குழல் செய்வோன் எப்பொழுதும் இரண்டு தேவைகட்கு இடையே நின்றான்.

1637ஆம் ஆண்டு முதலாம் சார்லசு மன்னன் இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்திற்குப் பட்டயம் அளித்தான். தொழில் பயிலாத கொல்லர் பலர் குழல் செய்து விற்றமையால் மக்கட்குத் தீங்கு நேர்ந்தது என்பதே அதற்குக் காட்டப்பட்ட காரணம். பர்மிங்காம் நகரத்துச் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. இங்கிலாந்தில் செய்யப்படும் குழல் அனைத்தும் சோதிக்கப்படல் வேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. சோதனைமுறை எளிது. வழக்கமான அளவினும் மிகுதியான மருந்தை இட்டு, ஆள் இல்லாத அடைத்த அறையில் வெடிப்பர். பிளவும் வீக்கமும் இன்றி மீண்ட குழலுக்கு முத்திரை இடுவர்.

தடித்த சுவரே காவல் ஆகாதோ எனின், ஆகாது. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டியே பழைய குழல்களைச் செய்தனர். ஒட்டின் உள்ளே கசடு தங்கியிருப்பின் கண்ணுக்குப் புலனாகாது. மேலும், ஒருமுறை சோதித்த குழலைப் பின்னர் அரத்தால் தேய்த்து மெலிவித்தனர். அப்பொழுது சோதித்த குழல் வேறு, விற்ற குழல் வேறு ஆயிற்று. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற்சோதனை, முடிவுச்சோதனை என இரண்டு நிலைகள் இருந்தமை இக்குறை உணரப்பட்டமைக்குச் சான்று. இதனையே யான் இவ்வரலாற்றின் திருப்பமாகக் கருதுகின்றேன். முத்திரை குழலுக்கு உரியதன்று. குழல் அன்றிருந்த நிலைக்கே உரியது. பிற்காலத்தார் செய்யுட்களை இடைச்செருகிய ஏட்டிலும் முதல் எழுதினோன் பெயர் மாறாதிருத்தல் நாம் அறிந்ததன்றோ?

முத்திரையுடன் பொறித்த துளையளவும் கல்வெட்டைப் போலவே படித்தற்கு உரியது. 12 என்னும் எண், ஓர் இராத்தல் ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்றன் விட்டம் எவ்வளவோ அவ்வளவைக் குறிக்கும், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் குறையத் துளை அகலும். 13 என்று பொறித்த பழங்குழல் இன்று அளக்குங்கால் 12 எனக் காணுமாயின், இடையில் எவரோ உட்புறத்தைக் கடைந்துள்ளார் என்பது ஒருதலை. துருக்குழிகளைப் போக்கவோ, வாயின் நெரிப்பை அகற்றவோ, நீண்ட தோட்டா செல்லுமாறு அடியறையை நீட்டவோ இவ்வாறு செய்வது உண்டு. சோதனை விதிகள், குறித்த எல்லைக்கு மேல் துளை அகன்ற குழலைச் சோதிக்கப்படாத குழலாகவே கொண்டன.

துளையை அளப்பது எளிது. சுவரை அளப்பது அரிது. மெல்லிய குழல்களின் நடுப்பகுதியில் சுவர் 0.6 மில்லிமீட்டரளவே இருப்பதுண்டு. துளையின் விட்டத்தை 0.2 மில்லிமீட்டர் பெருக்கினால் சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் குறையும். அஃதாவது ஆறில் ஒரு பங்கு. துளை நடுவினின்றும் சிறிது விலகியிருப்பின் ஒரு பக்கம் இன்னும் மெலிந்திருக்கும். குழல் பிளப்பது அப்பக்கத்திலேயே. சராசரித் தடிப்பு ஆண்டு உதவாது. துப்பாக்கியின் இடக்கை பற்றும் இடமும் அடிப்பகுதிக்கு அப்பால், சுவர் மெலியத் தொடங்கும் இடத்திலேயே அமைகின்றது. ஆதலின் திருத்திய குழலை மீண்டும் சோதனைச்சாலைக்கு அனுப்புதல் வேண்டும். சோதனையில் அது வெடிப்பின் இழப்பு உடையவனுக்கே.