டென்மார்க் சுற்றுலா: தரங்கம்பாடி வரலாற்றுடன் இணைந்த இடங்கள் – ஒரு தொகுப்பு

புதுதில்லி: வட ஐரோப்பிய நாடான டென்மார்க்கிற்கும் தமிழகத்திற்கும் இடையிலான தொடர்பு நானூறு ஆண்டுகள் பழமையானது. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி, இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் வசம் சென்றது நீங்கலாக, 1620 முதல் 1845 வரை டேனிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அந்த ஊரின் கோட்டையும் தேவாலயங்களும் தமிழகக் கடற்கரையில் நிற்கின்றன. அதன் ஆவணங்களில் பெரும்பகுதி கோபன்ஹேகனில் உள்ளது. எனவே டென்மார்க் செல்லும் தமிழ்ப் பயணிகள், வழக்கமான சுற்றுலா இடங்களுடன் தங்கள் மண்ணின் வரலாற்றுச் சுவடுகளையும் அங்குக் காண முடியும். அவ்வகையில் காணத்தக்க இடங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

கோபன்ஹேகன்: பொன்னேட்டில் ஒரு தமிழ்க் கடிதம்

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி வழங்கினார். ஓவே யெட்டே என்பவரின் தலைமையில் 1618-இல் புறப்பட்ட கப்பல்கள், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயணத்திற்குப் பின் 1620-இல் இலங்கையை அடைந்தன. அங்கு வணிக முயற்சி கைகூடாத நிலையில், அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

அப்போது ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய, பொன்னேட்டில் தமிழில் பொறிக்கப்பட்ட கடிதம் கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் உள்ளது. இத்தகைய அரிய ஆவணங்கள் எல்லா நாள்களிலும் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை என்பதால், பயணத்திற்கு முன்பே காப்பகத்தைத் தொடர்பு கொண்டு விசாரித்துக் கொள்வது நல்லது.

நான்காம் கிறிஸ்டியன் எழுப்பிய கட்டடங்கள் நகரெங்கும் உள்ளன. 1606-இல் கட்டத் தொடங்கப்பட்ட ரோசன்போர்க் அரண்மனையில் அரச மணிமுடிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 1642-இல் நிறைவுற்ற வட்டக் கோபுரத்தின் உச்சிக்குப் பெரும்பாலும் படிகளின்றிச் சுழன்று ஏறும் சரிவுப் பாதை வழியாகவே செல்லலாம். அவர் கட்டிய பழைய பங்குச் சந்தைக் கட்டடமான 'பெர்சன்' 2024 ஏப்ரல் 16 அன்று தீவிபத்துக்குள்ளாகி, நான்கு டிராகன்களின் வால்கள் பின்னிய அதன் புகழ்பெற்ற கூம்புக் கோபுரம் சரிந்து விழுந்தது. அதனை மீண்டும் எழுப்பும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது.

அருகிலுள்ள கிறிஸ்டியன்ஸ்ஹவுன் பகுதியில், 18-ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசை வணிகம் நடத்திய ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் பண்டகசாலையும் இன்றும் உள்ளன. அந்த வளாகத்தில் தற்போது டென்மார்க் வெளியுறவு அமைச்சகம் இயங்குகிறது. தரங்கம்பாடி குறித்து ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்திய தேசிய அருங்காட்சியகமும் இந்நகரில்தான் உள்ளது. 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்கா, 1913-இல் நிறுவப்பட்ட கடற்கன்னிச் சிலை, வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் நியூஹவுன் கால்வாய்க்கரை ஆகியவை நகரின் பிற ஈர்ப்புகள்.

ரோஸ்கில்டே: மன்னர்களின் துயிலிடம்

கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரோஸ்கில்டே பேராலயம் 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நான்காம் கிறிஸ்டியனும், அவருக்குப் பின் ஆண்ட நான்காம் பிரெடெரிக்கும் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1706-இல் தரங்கம்பாடியை அடைந்த சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோரை அங்கு அனுப்பியவர் நான்காம் பிரெடெரிக். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிக்கப்பட்டது. அங்குள்ள புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இம்மன்னரின் முத்திரை எழுத்துகளை இன்றும் காணலாம். ரோஸ்கில்டேயில் உள்ள வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தில், 1962-இல் கடற்கழியிலிருந்து மீட்கப்பட்ட ஐந்து கப்பல்களின் எச்சங்கள் வைக்கப்பட்டுள்ளன.

ஹெல்சிங்கோர்: கப்பல்கள் கடந்த கோட்டை

தலைநகருக்கு வடக்கே, ரயிலில் முக்கால் மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஹெல்சிங்கோரில் க்ரோன்போர்க் கோட்டை உள்ளது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் களமாக உலகம் இதனை அறியும். ஸ்வீடனுக்கும் டென்மார்க்கிற்கும் இடையிலான குறுகிய நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் 1857 வரை சுங்கம் வசூலிக்கப்பட்ட இடமும் இதுவே. கோபன்ஹேகனிலிருந்து தரங்கம்பாடிக்குப் புறப்பட்ட கப்பல்கள் இக்கோட்டையைக் கடந்தே திறந்த கடலை அடைந்தன. 2000-ஆம் ஆண்டு முதல் இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஓடென்சேயும் யூட்லாந்தும்

குழந்தைகளுடன் செல்வோர், கதையாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805-இல் பிறந்த ஓடென்சே நகரைத் தவறவிடக்கூடாது. அவரது பெயரிலான புதிய அருங்காட்சியகம் 2021-இல் திறக்கப்பட்டது. மேற்கே யூட்லாந்து தீபகற்பத்தில் உள்ள பில்லுண்டில், 1968-இல் தொடங்கப்பட்ட லெகோலாந்து பூங்கா இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள யெல்லிங்கில் காணப்படும் கல்வெட்டுகளில் ஒன்று, 'நீலப்பல்' எனப்பட்ட மன்னர் ஹரால்ட் 10-ஆம் நூற்றாண்டில் நிறுவியது. கைபேசிகளில் பயன்படும் 'புளூடூத்' தொழில்நுட்பத்திற்கு அவரது பட்டப்பெயரே சூட்டப்பட்டது.

மத்திய யூட்லாந்தின் ஹெர்னிங் நகரில் சித்தி விநாயகர் கோயிலும், பிராண்டே என்ற சிற்றூரில் அபிராமி அம்மன் கோயிலும் உள்ளன. 1980-களில் போரினால் புலம்பெயர்ந்து டென்மார்க்கில் குடியேறிய ஈழத்தமிழர்களின் வழிபாட்டு மையங்கள் இவை.

பயணிகள் கவனத்திற்கு

டென்மார்க் ஷெங்கன் உடன்படிக்கையில் இணைந்த நாடு. குறுகிய கால விசாவில், 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை தங்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்திற்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். புறப்படும் தேதிக்குக் குறைந்தது 15 நாள்களுக்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும். டென்மார்க் தூதரகம் புதுதில்லி சாணக்கியபுரியில் அமைந்துள்ளது. நாட்டின் நாணயம் யூரோ அன்று, டேனிஷ் குரோனர். பகல் நீண்டிருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் சுற்றுலாவுக்கு ஏற்றவை.

புறப்படுமுன் ஒருமுறை தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டுச் செல்வது பயணத்தை மேலும் பொருளுள்ளதாக்கும். 1845-இல் செராம்பூர் உள்ளிட்ட பிற பகுதிகளுடன் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்ட அவ்வூரில், டேன்ஸ்போர்க் கோட்டை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. டேனியர் வருகைக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், பாண்டியர் காலத்தில் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. கரையில் இவ்வாறு அழிந்துவரும் ஓர் ஊரின் நினைவுகள், கடல் கடந்த ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.