சீன அரசவைப் பீங்கானில் முதலும் வழியும் சார்பும்

சிங் மரபினருள் சியான்லாங் பேரரசர் காலத்தில் (1736–1795) சீன அரசுச் சூளையில் வனையப்பெற்ற பூக்குடுவை வகையொன்று ஈண்டு எம் ஆராய்ச்சிக்குப் பொருளாகின்றது. வெளிறிய நீலச் சாம்பல் நிறம். மேனியெங்கும் வலைபோற் பரந்த வெடிப்புக் கோடுகள். கழுத்தின் இருமருங்கும் குழாய் வடிவிலமைந்த காதுகள். இவற்றை மட்டும் காண்பார், ஐந்நூறாண்டுகட்கு மேல் முற்பட்ட சொங் காலத்துக் கலமெனவே இதனைக் கொள்வர். கவிழ்த்து நோக்கினால், அடியில் நீல நிறத்தில் முத்திரை வடிவாக எழுதிய ஆறு சீன எழுத்துகள், இது சியான்லாங் ஆட்சியிற் செய்யப்பெற்றதென உண்மையை உரைத்துவிடும்.

இதனைப் போலி என்பதா? 'பின்பற்றல்' என்னும் ஒரு சொல்லால் கூறி அமைவதா? இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

முதற்கலத்தை முன்னர் நோக்குவோம். வடசொங் அரசவைக்கு ரூ கலங்களும், 1127இல் சூர்சென் படையிடம் கைபெங் நகரை இழந்து பின்னர்க் காங்சௌவில் நிலைபெற்ற தென்சொங் அவைக்குக் குவான் கலங்களும் வனையப்பெற்றன. குவான் என்பதற்கு அரசுக்குரியது என்பது பொருள். அதன் மண் இரும்பு மிக்குக் கருநிறமுடையது. மேற்பூச்சோ பன்முறை பூசித் தடித்தது. சூட்ட கலம் ஆறுங்கால், மண்ணினும் பூச்சு மிகுதியாகச் சுருங்குதலின் வெடிப்பு உண்டாயிற்று. வாய்விளிம்பில் பூச்சு வழிந்து மெலிதலால் உள்மண் ஊதாச் சாயலாய்த் தோன்றும். பூச்சுப் படாத அடி கருத்திருக்கும். 'ஊதா வாய், இரும்பு அடி' என இதனைச் சீனர் பாராட்டினர். குற்றமெனத் தள்ளத்தக்க வெடிப்பு அணியெனக் கொள்ளப்பட்டமை எண்ணியின்புறத் தக்கது.

வடிவமோ இதனினும் தொன்மையது. குழாய்க் காதுக் குடுவை பண்டை வெண்கல மதுக்கலத்தின் வழிவந்தது. ஆகவே வெண்கலம் முதலாயின், சொங் கலம் வழியாகும்; சிங் கலம், இரண்டையும் ஒருபுடை தழுவித் திரிபும் உடைத்தாதலின், நன்னூலார் வகுத்த சார்புநூலோடு ஒப்பிடத் தக்கதாம். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இம்முறை புதிதன்று.

இனி, அத்திரிபு யாது? ஜிங்டெஜென் குயவர்க்கு வாய்த்தது வெண்மண். ரூ கலம் சுட்ட சூளை ஹெனான் மாகாணத்துச் சிங்லியாங்சி என்னுமிடத்தில் இருந்ததென அறியப்பட்டது 1980களிலேயாம். ஆதலின் பழங்கலங்களே அவர்க்கு ஆசிரியராயின. 1728இல் அச்சூளைக்கு வந்த தாங் யிங் என்னும் அதிகாரி, தொழிலாளருடன் மூன்றாண்டு ஒருங்கு உண்டு உறைந்து கலைத்திறம் கற்றார். அரண்மனை அதிகாரியொருவர் இவ்வாறு மண்ணளைந்தது பெருஞ்செயலே. அவர் 1735இல் வரைந்த குறிப்பு, அரசுச் சூளையில் செய்த ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகளை எண்ணுகின்றது. ரூ, குவான் வகைகளைச் சொல்லுமிடத்து, அரண்மனையினின்று அனுப்பப்பெற்ற சொங் கலங்களின் நிறத்தைப் பார்த்துச் செய்தவை என அது வெளிப்படையாகக் கூறும். மறைத்துச் செய்யும் போலித்தொழிலுக்கு இத்தகைய ஆவணம் இராது.

ஆயினும் ஒரு தடை எழலாம். வெண்மண்ணின் வெண்மை புலப்படாவாறு அடிவிளிம்பில் கருங்குழம்பைத் தடவினரே, அது வஞ்சமன்றோ எனின், அன்று என்போம். கருமை தடவிய அதே அடியில்தான் ஆட்சிப் பெயரும் எழுதப்பட்டது. காண்பார் கண்ணுக்குப் பழமை. கையில் எடுத்து ஆராய்வார்க்கு மெய்ம்மை.

வஞ்சம் பிற்காலத்தே புகுந்தது. சொங் கலமென விற்கக் கருதிய வணிகர் சிலர் அவ்வெழுத்துகளைத் தேய்த்து அழித்தனர். போலி என்னும் பெயர் அவ்வழிப்பிற்கே உரியது; வனைந்தவர்க்கு அன்று. அத்தகைய கலத்தை ஆராய்வார் நிறத்தையும் வெடிப்பையும் மட்டும் நம்புதல் கூடாது. அடிப்பூச்சில் தேய்த்த தடம் உண்டா என நோக்கல் வேண்டும். கருங்குழம்பின்கீழ் வெண்மண் தோன்றுமாயின், அது காங்சௌச் சூளைக் கலமன்று.