கம்பியில் நெய்த நினைவகம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சார்ல்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது வால்தம். 1814இல் அங்கே ஒரு பருத்தி ஆலை எழுந்தது. பஞ்சு மூட்டையாக உள்ளே போனது துணியாக வெளியே வந்தது. நூற்பும் விசைத்தறியும் ஒரே கூரையின் கீழ். பிறகு பெரிய கடிகாரத் தொழிற்சாலை ஒன்றும் வந்தது. இரண்டிலும் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1960களில் அப்போலோ விண்கலத்தின் கணினியைச் செய்ய ரேதியான் நிறுவனம் ஆள் தேடியபோது, நுண்ணிய வேலைக்குப் பழகிய பெண்களின் கைகள் அந்த ஊரிலேயே கிடைத்தன.

நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் கணினிப் பாடம் நடத்தியவள். இந்தப் பெண்கள் நெய்தது துணியல்ல, நினைவகம் என்று தெரிந்த நாள்முதல் அவர்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படித்து வருகிறேன்.

அந்தக் கணினியை வடிவமைத்தது எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகம். அதில் இரண்டு வகை நினைவகம் உண்டு. அழித்து எழுதக்கூடியது சிறியது: 2,048 சொற்கள், சொல்லுக்கு 16 பிட். பொடிப்பொடியான ஃபெரைட் வளையங்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடும். வளையம் ஒரு திசையில் காந்தமானால் 1, எதிர்த்திசையில் காந்தமானால் 0. குறுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டம், நெடுக்குக் கம்பியில் மீதிப் பாதி. இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும். ஜே ஃபாரஸ்டரின் குழு இந்த முறையை 1953இலேயே எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஓடவிட்டிருந்தது. மின்சாரம் போனாலும் எழுதியது போகாது. ஆனால் படித்தால் அழிந்துவிடும். படித்த கையோடு திரும்ப எழுதியாக வேண்டும்.

மற்றது கயிற்று நினைவகம். நிலவுக்குப் போகும் நிரல் முழுவதும் இதில்தான் இருந்தது. இங்கே வளையம் எதையும் தேக்கி வைப்பதில்லை. கம்பி போகும் வழிதான் நினைவு. வளையத்துக்குள் நுழைந்து போனால் 1, விலகிப் போனால் 0. ஒரு பெட்டியில் 512 வளையங்கள். ஒவ்வொரு வளையத்தையும் 192 கம்பிகள் ஊடுருவியோ ஒதுங்கியோ கடக்கும். அப்படி ஆறு பெட்டிகள். மொத்தம் 36,864 சொற்கள், இன்றைய கணக்கில் 72 கிலோபைட். பெருக்கிப் பார்த்தால் 5,89,824 இடங்கள். அத்தனையிலும் கம்பி சரியான பக்கம் போயிருக்க வேண்டும்.

இந்தக் கயிற்றை நெய்யும்போது, துளையிட்ட நாடா ஒன்று இயந்திரத்தை இயக்கும். கம்பி நுழைய வேண்டிய வளையத்தை அது பெண்ணின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அவர் கம்பி கோத்த ஊசியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்துவார். உடனே அடுத்த வளையம். ஒரு பெட்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு பாகத்தையும் மூன்று நான்கு பேர் பார்த்த பிறகே முத்திரை விழும் என்று அங்கே வேலை செய்த ஒரு பெண் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மா பாவு பிணைப்பார். தறியில் தீரப்போகும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைத் திரித்துச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று மாறினாலும் துணி நெடுகக் காட்டிக்கொடுக்கும். இயந்திரமே இடத்தைக் காட்டிவிட்டதால் வால்தம் பெண்களின் வேலைக்குத் திறமை தேவைப்படவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறியாளர்கள் கயிற்று நினைவகத்தைக் ‘கிழவிகளின் நினைவகம்’ என்று அழைத்ததைப் படித்தபோது மனம் கசந்தது.

நெய்து முடித்துப் பிசினில் இறுக்கிய பிறகு ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. இதன் பலமும் சங்கடமும் 1971 பிப்ரவரியில் சேர்ந்தே வெளிப்பட்டன. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்போலோ 14இன் இறங்குகலத்தில், பயணத்தைக் கைவிடுவதற்கான பொத்தானை யாரும் தொடவில்லை. ஆனாலும் அழுத்தியதாகக் கணினிக்குச் சைகை போனது. பொத்தானுக்குள் ஓர் உலோகத் துணுக்கு மிதப்பதாகக் கருதினார்கள். அப்படியே இறங்கத் தொடங்கினால், பாதி வழியில் கலம் தானாகவே மேலே திரும்பிவிடும். நிரலைத் திருத்தலாம் என்றால், அதுவோ கம்பியில் கிடக்கிறது. ஆய்வகத்தில் இருந்த டான் ஐல்ஸ் என்ற இளைஞர் வேறு வழி பார்த்தார். நெய்த நிரல் அடிக்கடி பார்த்துக்கொள்ளும் சில எண்கள் அழித்தெழுதும் நினைவகத்தில் இருந்தன. அவற்றை மாற்றிவிட்டால், கைவிடும் வேலை ஏற்கெனவே நடக்கிறது என்று நிரல் எடுத்துக்கொண்டு பொத்தானைக் கவனிக்காது. கலத்தில் இருந்த விண்வெளி வீரர் எட்கர் மிட்செல் அந்த எண்களை விசைப்பலகையில் தட்டி உள்ளிட்டார். பிப்ரவரி 5 அன்று ஆலன் ஷெப்பர்டும் அவரும் நிலவில் இறங்கினார்கள். அழித்தெழுதும் நினைவகமான ராமும் (RAM) படிக்க மட்டுமே முடிந்த ரோமும் (ROM) எங்கே பிரிகின்றன, எப்படி ஒன்றுக்கொன்று துணையாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

1970இல் இன்டெல்லின் 1103 நினைவகச் சில்லு 1,024 பிட்டுகளோடு சந்தைக்கு வந்தது. வளையங்கள் ஒதுங்கத் தொடங்கின. அப்போலோ கணினி கடைசியாகப் பறந்தது 1975 ஜூலையில், சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் கலத்தோடு இணைந்த பயணத்தில்.

நினைவகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு எட்டு வளையல்களும் ஒரு நூலும் எடுத்துப் போங்கள். வளையல்களை வரிசையாக வைத்து, தம் பெயரின் முதல் எழுத்துக்குரிய ஆங்கில எழுத்தை ஒரு பைட்டாகக் கோத்துக் காட்டும்படி மாணவர்களிடம் கேளுங்கள். பிறகு வால்தம் பெண்களின் கதையைச் சொல்லுங்கள்.