பூண்டியில் ஒரு குட்டி ஆறு

பூண்டி என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குடிதண்ணீர்தான் ஞாபகத்துக்கு வரும். கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-ல் கட்டி முடித்த ஏரி. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். பெயர் மட்டும் ஏரிக்கு நிலைத்தது.

அதே பூண்டியில் அரசாங்கத்தின் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அணையோ மதகோ நிஜத்தில் கட்டுவதற்கு முன்னால், குட்டியாக ஒரு மாதிரி செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கிற இடம் அது. குட்டி அணையில் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும்? அதற்குக் கணக்கு உண்டு. 25-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளத்தின் அளவோ 3,125-ல் ஒரு பங்கு! ஒரு மணி நேர வெள்ளம் பன்னிரண்டே நிமிஷத்தில் ஓடி முடிந்துவிடும்.

சரி, மண்ணும் சிமென்ட்டும் இல்லாமல் காகிதத்திலேயே ஆற்றை ஓட விட முடியாதா? காற்றை வைத்து அப்படி முயன்றவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்கிற ஆங்கிலேயர். முதல் உலகப்போரில் ஃபிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கையாலேயே கணக்குப் போட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. நிஜத்தில் அன்று அது அசையவே இல்லை! சமன்பாடுகள் சரிதான். ஆரம்பத்தில் கொடுத்த அளவுகள்தான் காலை வாரிவிட்டன. தோற்ற கணக்கை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார் மனுஷர்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. லண்டனில் ஸ்பால்டிங் என்ற பேராசிரியரும் நம் புனேக்காரர் சுஹாஸ் படங்கரும் 1972-ல் ஒரு வழி சொன்னார்கள். அழுத்தத்தைக் குத்துமதிப்பாக வை, வேகத்தைக் கணக்கிடு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமா பார், இல்லையென்றால் அழுத்தத்தைத் திருத்தி மறுபடி போடு. அந்த முறைக்குப் பெயரே 'சிம்பிள்'!

கம்ப்யூட்டேஷனல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ் என்கிற இந்தக் கலையைப் பழக 'ஓப்பன்ஃபோம்' மென்பொருள் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர், உலைக்குள் வெப்பக்காற்று எப்படிச் சுழல்கிறது என்று வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். சிவப்பும் நீலமுமாகப் படம் ஜோராக வரும். ஆபத்தும் அங்கேதான். தப்பான அளவு கொடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும்!

கொசஸ்தலை எண்ணூரில் கடலைச் சேர்கிறது. புயல் நாளில் கடல் மட்டம் உயர்ந்து நிற்கும், வெள்ளம் வடியாது. கணக்குப் போடுகிறவர் முகத்துவாரத்தில் சாதாரண நாள் அளவைக் கொடுத்துவிட்டால், திரையில் வெள்ளம் சமர்த்தாகக் கடலுக்குப் போய்விடும். நிஜத்தில் கரையோரக் குடிசைக்குள் புகுந்திருக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் நாசமாக்கியதே, மறக்க முடியுமா?

புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் விடை தெரிந்த கணக்கைப் போடட்டும். நேரான ஒரு குழாயில் தண்ணீர் ஓடுவது போதும். அளந்து பார்த்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒத்துப்போன பிறகு ஆற்றுக்குப் போகலாம்.